இடது பக்கம், மாவு டிரம்முக்குப் பின்னால்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறிவிப்புப் பலகையிலிருந்து கிடைத்தது.

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் அயாஷி நடத்தும் காப்பிக் கடையில், கல்லாவுக்கு மேலே வெகுநாளாக ஒரே ஒரு பலகைதான் இருந்தது: 'வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது'. போன குளிர்காலத்தில் அதற்குக் கீழே இன்னொன்று வந்தது: 'வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது'. எந்த வழக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஸி அப்துல்மௌலா ('ஸி' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'), பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், 'அவன்தான் செய்தான்' கட்சி. பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வழக்குதான் முடிஞ்சுபோச்சே. முடிஞ்சதுக்கு எதுக்குப் பலகை?" என்றார்.

எதிர் மேசையில் முடிதிருத்தும் கப்பூர், 'ஆதாரம் போதாது' கட்சி. "அதையேதான் வாத்தியாரே நானும் கேக்கறேன். முடிஞ்சிருந்தா எதுக்குப் பலகை?" என்றார்.

பலகை மாட்டிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அயாஷி வந்து இருவருடைய கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டிலும் தேநீர் பாதிக்கு மேல் இருந்தது.

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். மாகாணத் தலைநகரிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். இந்த விஷயத்தைச் செய்தியாக எழுத முடியாது என்பதால் கதையாக எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடல் உண்டு, மத்தி மீன் ஆலை உண்டு, காற்று ஓயாமல் அடிக்கும். மொராக்கோவின் இந்தக் கரையில் அப்படி ஐந்தாறு ஊர்கள் இருக்கின்றன. எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

ஹாஜி மிலூத் அன்று காலை சமையலறையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் —

நிறுத்திவிட்டேன். அன்று காலை அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் யார் என்பதுதான் வழக்கு. குனிந்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்:

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, புஷைப் ஹாஜி மிலூத்தைக் கொன்றான்.

இது நல்ல வாக்கியம். ஒருவகையில் உண்மையும்கூட. இதில் உள்ள ஒரே குறை, அப்போது ஹாஜி மிலூத்தை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

எங்கள் நாட்டில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிவந்து, செய்ததை மறுபடி செய்து காட்டச் சொல்வார்கள். அரசு வழக்கறிஞர் வருவார், காவலர்கள் வருவார்கள், ஊரும் வரும். தெருவை மறிப்பார்கள், மொட்டை மாடிகளை யாராலும் மறிக்க முடியாது. அந்தச் சந்தில் எல்லா வீடுகளுக்கும் நடுவில் திறந்த முற்றம். மாடிச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு முற்றம் முழுதாகத் தெரியும். ஹாஜி மிலூத்தாக நடித்தது ஓர் இளம் காவலர். சீருடை அழுக்காகக் கூடாதென்று, விழ வேண்டிய இடத்தில் முன்கூட்டியே அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்திருந்தார்.

ஆக, எங்கள் ஊரில் இந்தக் கொலையைப் பார்க்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் அன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் காஸாபிளாங்கா போயிருந்தேன். அதனால் பார்க்காதவர்களில் நானும் ஒருவன். என் தகுதி அது மட்டுமே.

3

வழக்கு என்னவென்று சொல்லாமல் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பழக்கம்.

ஹாஜி மிலூத் தனியாக வாழ்ந்த எழுபது வயதுக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். புஷைப் முப்பது வயதுக்காரன், மூன்று சக்கர வண்டியில் மணல், மெத்தை, குளிர்பெட்டி எல்லாம் ஏற்றி இறக்குவான். இரவில் வண்டியை ஹாஜியின் வாசலுக்கு நேரே நிறுத்துவான். ஹாஜி ஒருநாள் டயரில் ஆணியைக் குத்தினார். புஷைப் பள்ளிவாசல் வாசலில் வைத்து, எல்லோரும் கேட்க, "ஒரு நாளைக்கு உன் காத்தையும் நான் புடுங்கிவிடறேன் பாரு" என்றான். பிறகு ஒரு ரமலான் காலையில் ஹாஜி தன் சமையலறையில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் மசாலா இடிக்கும் பித்தளைக் கையுலக்கை.

கைரேகை இல்லை. ஏனென்றால், போலீஸ் வருவதற்குள் சந்துப் பெண்கள் சமையலறையைக் கழுவிவிட்டார்கள். உலக்கையையும் எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. பார்க்க ஆட்கள் வரும் சாவு வீட்டை எப்படி அப்படியே விடுவது? ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றபோது, பாவம், களைத்துப்போயிருக்கிறார் என்று அவருக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

மிச்சம் இருந்தவை: பள்ளிவாசல் வாசலில் சொன்ன அந்தப் பேச்சு. காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் மறுத்த வாக்குமூலம். மூன்றாவதாக, நடை.

நடைதான் அவனை உள்ளே தள்ளியது. ஹாஜியின் வீட்டுக்குள் வாழ்நாளில் காலே வைத்ததில்லை என்று புஷைப் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தான். சாமான் கொண்டுவந்தால் வாசலோடு சரி, ஹாஜி உள்ளே விடமாட்டார் என்றான். [இதைச் சொல்லியிருக்கவே கூடாது என்கிறார் கப்பூர். 'ஒரு தடவை சிமெண்டு மூட்டை இறக்கப் போனேன்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பானாம்.] ஆனால், நடித்துக் காட்டியபோது அவன் முற்றத்தைக் கடந்து, இடது பக்கம் திரும்பி, சமையலறைக்குள் போய், மாவு டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, போலீஸ் பழைய இடத்திலேயே வைத்திருந்த உலக்கையை எடுத்தான். உள்ளே போகாதவனுக்கு உலக்கை இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது? தீர்ப்பில் இந்தக் கேள்வி இருக்கிறது. பதில் இல்லாத கேள்வி என்றும் எழுதியிருக்கிறது. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அதுவே.

பதில் இல்லாத கேள்வி அல்ல. அந்தச் சந்தில் குறைந்தது பதினைந்து பேருக்குப் பதில் தெரியும்.

4

ஒளித்து வைத்துப் பிறகு அவிழ்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லா வீட்டு அடுப்பிலும் ஹரீரா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கைவிலங்கோடு முற்றத்துக்கு வந்த புஷைப், வலது பக்கம் போனான். அங்கே மாடிப்படி. நின்றான். திரும்பினான். கிணற்று மேடையைப் பார்த்தான். அரசு வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார். புஷைப் மறுபடி நின்றான்.

எங்கள் ஊரில் வழி தெரியாமல் ஒருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. வெளியூர்க்காரன் ஒருவன் தெருமுனையில் அரை நிமிடம் தயங்கினால் போதும். மூன்று பேர் வந்து மூன்று வழி சொல்வார்கள். அவன் எங்கே போக வேண்டும் என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.

மாடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "இடது பக்கம் மகனே. மாவு டிரம்முக்குப் பின்னாடி பாரு."

புஷைப் நிமிர்ந்து பார்த்தான். நன்றி சொல்வதுபோலத் தலையை அசைத்ததாகச் சொல்கிறார்கள். [இதை இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.] பிறகு இடது பக்கம் போனான்.

கைப்பேசியில் படம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லாப் படமும் அவன் உலக்கையை எடுக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவன் வழி தெரியாமல் நிற்பதை யார் படம் பிடிப்பார்கள்? போலீஸ் அறிக்கையில், 'குற்றவாளி தாமாகச் சமையலறைக்குச் சென்றார்' என்று ஒரு வரி. எழுதிய காவலர் பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. அவரும் நோன்பு. அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

5

அந்தப் பெண் குரலுக்கு ஒரு ஆள் வேண்டும். ஹனியா என்று பெயர் வைத்தேன்.

முதல் வரைவில் ஹனியா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நோன்பு திறக்கும் நேரத்தில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள் என்று என் மனைவி சொன்னார். அடித்தேன். இரண்டாவது வரைவில் வேடிக்கை பார்க்க விருப்பமில்லாமல் தற்செயலாக மாடிக்கு வந்தார். மனைவி சிரித்தார். மூன்றாவதில், எல்லோரையும்போல் நல்ல இடம் பிடிக்க முன்கூட்டியே வந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஓர் இடம் பிடித்து வைத்தார். இது நிலைத்துவிட்டது.

வயது ஐம்பத்தெட்டு. விதவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மேலங்கி தைத்துக் கொடுப்பவர். ஹாஜியின் உலக்கை எங்கே இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை வேறு யாரும் கேட்க வேண்டாம்: பெருநாளுக்குப் பெருநாள் சந்து முழுக்க அந்த உலக்கையைத்தான் இரவல் வாங்கும். கனமான பித்தளை. அந்தக் கனத்துக்கு இப்போது கிடைப்பதில்லை.

ஹனியாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். எழுதும்போது அவர் நல்லவராகிக்கொண்டே போகிறார். எழுதுபவனுக்கு அவர் நல்லவராக இருப்பது வசதி. மனச்சாட்சி உறுத்துகிற, தூக்கம் வராத, கடைசிப் பக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிற விதவை. ஆனால், நான் மகளின் மேலங்கியை வாங்கிவரப் போனபோது அவர் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். தேநீரில் புதினா அதிகம் போட்டிருந்தார்.

நான் எதையும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"பத்திரிகைக்காரரே, மேலங்கி வாங்க உங்க வீட்டம்மா வருவாங்க. நீங்க வந்திருக்கீங்கன்னா வேற விஷயம்."

வேறு விஷயம்தான் என்றேன்.

"அவன்தான் பண்ணினான்" என்றார். "அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது."

"எப்படிச் சொல்றீங்க, லல்லா ஹனியா?"

"என் கண்ணால பார்த்தேனே. என்னமா நேரா நடந்து போனான். டிரம்முக்குப் பின்னாடி கையை விட்டான், எடுத்தான். பழகின கை."

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்தானே போனான்?"

ஹனியா ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார். கை நடுங்கியது என்று எழுத எனக்கு ஆசைதான்.

"நான் சொல்லலேன்னாலும் போயிருப்பான்" என்றார். பிறகு, "தேநீர் ஆறுது. குடிங்க."

குடித்தேன். மேலங்கியில் ஒரு பொத்தான் தைக்காமல் இருந்தது. அதைத் தைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் பேசாம இருந்திருந்தா எங்கே போயிருப்பான்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியல. அதுதான் எரிச்சலா இருக்கு."

6

புஷைப்பின் அக்கா ரகியாவைக் கதைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவர் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

மத்தி மீன் ஆலையில் வேலை. தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர். நடித்துக் காட்டிய அன்று, மறித்த தெருவின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். முற்றம் தெரியவில்லை, குரல் கேட்டது. தனக்குப் பள்ளி மேலங்கி தைத்துக் கொடுத்தவரின் குரல். நீதிமன்றத்தில் சொன்னார். அக்கா தம்பிக்காகச் சொல்லாமல் வேறு யாருக்காகச் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஹனியாவின் வாசலில் ஒரு பை மத்தி மீனை வைத்துவிட்டு, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். ஹனியா கதவைத் திறப்பதில்லை. ரகியா சந்து முனையைத் தாண்டியதும் திறந்து மீனை எடுத்துக்கொள்வார். [மீனைத் திருப்பி அனுப்பாதது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்கிறார் கப்பூர். நல்ல மீனை வெயிலில் விடுவது எந்த மதத்தில் இருக்கிறது என்கிறார் வாத்தியார்.]

வாத்தியாரின் கட்சியை நான் இளப்பமாக எழுதிவிட்டதாகத் தோன்றலாம். அது நியாயமில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொலை நடந்த காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது, ஆற்று முகத்துவாரத்தில் மணல் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்றான் புஷைப். அன்று அங்கே மணல் ஏற்றவே இல்லை என்று தெரிந்ததும், வீட்டில் தூங்கினேன் என்றான். அதன் பிறகு அந்தக் காலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நிரபராதி எதுக்கு மாத்தி மாத்திச் சொல்றான்?" என்றார் வாத்தியார், பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து.

கப்பூர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். புஷைப் அன்று கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறை மறைவில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான் என்றார். நோன்பு மாதத்தில், பட்டப்பகலில்.

"கொலைப் பழி தலையில விழறப்போ சிகரெட்டைச் சொல்ல வெக்கமா?"

"நம்ம ஊர்ல ஆமா."

"யாராவது பார்த்திருக்கணுமே. பார்த்தவன் வந்து சொல்லட்டும்."

"வாத்தியாரே, அந்த நேரத்துல அங்கே எவன் பார்த்திருப்பான்? அங்கே சிகரெட் பிடிக்கப் போனவன்தான் பார்த்திருப்பான்."

வாத்தியார், கப்பூருக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று கேட்டார். கப்பூர் எழுந்து தன் முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டார். வாத்தியார் இப்போதெல்லாம் முடிவெட்டிக்கொள்ளப் பேருந்தேறி அடுத்த ஊருக்குப் போகிறார். கழுத்தில் கத்தி வைக்கிற விஷயம், கருத்து வேறுபாட்டை வைத்துக்கொண்டு எதற்கு என்கிறார்.

7

இதற்குள் ஒரு காரியம் நடந்தது. தலைநகரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். ரகியா நகையை விற்றுப் பிடித்த வக்கீல் இல்லை. அவராகத் தீர்ப்பைப் படித்துவிட்டு வந்தவர். வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி மனுப் போட முடியும், ஆனால் நீதிமன்றம் முன்பு கேட்காத புதிய சாட்சி ஒருவர் வேண்டும் என்றார். ஒருவர் போதும். வியாழக்கிழமை காலை மனுவோடு அவர் ஊர் திரும்புகிறார். அதற்குள் அந்த ஒருவர் தான் கண்டதை எழுதி, நகராட்சி அலுவலகத்தில் தன் கையெழுத்துக்கு முத்திரை வாங்கித் தர வேண்டும். இது போனால் அடுத்த மனு கிடையாது. ஒரே காரணத்தைச் சொல்லி இரண்டு தடவை கேட்க முடியாது.

மாடியில் இருந்த மற்றவர்களிடமும் வக்கீல் கேட்டுப் பார்த்தார். யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்தது என்றார்கள். என்ன சொன்னார்கள்? காற்று. யார் சொன்னது? காற்று. எங்கள் ஊர்க் காற்று இப்படிப் பல விஷயங்களில் உதவியிருக்கிறது.

ரகியா காப்பிக் கடைக்குள் வரமாட்டார். என்னை வெளியே கூப்பிட்டார். ஆலையிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ்.

அவர் கேட்பதற்கு முன்பே நான், ஹனியாவின் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"போட வேணாம்" என்றார். "என் தம்பி நல்லவன்னு ஊரைச் சொல்லச் சொல்லல. அவன் பண்ணலன்னுகூட நான் சொல்ல வரல, நானும் அங்க இல்ல. அவனுக்கு வழி தெரியல. முற்றத்துல நின்னான். அதை மட்டும் அவங்க சொன்னாப் போதும்."

"சொல்லலேன்னா?"

"புதன்கிழமை மீன் கொண்டுபோவேன்" என்றார்.

8

கொலைக் காட்சி இல்லாத கொலைக் கதையை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஆகவே, மூன்று நாள் உட்கார்ந்து அதை எழுத முயன்றேன்.

புஷைப் வாசலைத் தாண்டினான். வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலான வளைந்த நடை இருட்டாக இருந்தது. முற்றத்துக்கு வந்தான். வெளிச்சத்தில் கண் கூசி —

அங்கேயே நின்றான்.

நான் எழுதாவிட்டால் அவன் நகரமாட்டான். அதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். 'இடது பக்கம் திரும்பினான்' என்று எழுதினேன். உடனே திரும்பினான். டிரம்முக்குப் பின்னால் கையை விடு என்றால் விட்டான். எவ்வளவு இயல்பாக வந்தது என்றால், படித்துப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது: இவன்தான் செய்திருக்கிறான்.

அடித்துவிட்டு, வலது பக்கம் போகச் சொன்னேன். மாடிப்படியில் ஏறினான். ஏறி என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

அடித்துவிட்டு, வாசலைத் தாண்டாமல் வைத்தேன். பாறை மறைவில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தான். அதுவும் இயல்பாகவே இருந்தது. தீக்குச்சியைக் காற்றுக்கு மறைத்துக் கையைக் குவித்தான். பழகின கை.

இந்தக் கொலையைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் அன்று மாலை முற்றத்தில் பார்த்ததுதான். காப்பிக் கடையில் வாத்தியார் உலக்கை இறங்கிய விதத்தைக் கையால் காட்டும்போது, காவலர் அட்டை மேல் விழுந்த விதத்தைத்தான் காட்டுகிறார். ஹாஜி எப்படி விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

9

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: உண்மையான கொலைகாரன் அகப்படுகிறான். ஹாஜிக்கு இத்தாலியில் ஒரு மருமகன் உண்டு. அந்த ரமலானில் ஊருக்கு வந்திருந்தான். காப்பிக் கடையில் இரண்டு கட்சியும் ஒன்றாக விரும்பும் ஒரே முடிவு இது. வேண்டாம். அவனுக்கு எதிராக என்னிடம் இருப்பதெல்லாம், அவன் போட்டிருந்த காலணி ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பதுதான். ஒருவனை வெளியே எடுக்க இன்னொருவனை உள்ளே போடும் வசதி எழுதுகிறவனுக்கு மட்டுமே உண்டு. [போலீசுக்கும் உண்டு என்று சேர்க்கச் சொல்கிறார் கப்பூர். சேர்த்திருக்கிறேன்.]

இரண்டு: ஹனியா கையெழுத்துப் போடுகிறார். வழக்கு திறக்கிறது. புஷைப் விடுதலையாகி, வண்டியைத் துடைத்து, ஹாஜியின் பூட்டிய வாசலுக்கு நேரே நிறுத்துகிறான். ஒருநாள் ஹனியா மாவு மூட்டையோடு வரும்போது, அவன் இறங்கி வந்து, மூட்டையை வாங்கி, உள்ளே எங்கே வைக்க வேண்டும் என்று கேட்காமலே —

இதையும் நிறுத்திவிட்டேன். அந்தச் சந்தின் வீடுகளையெல்லாம் ஒரே கொத்தனார்தான் கட்டினார், அமைப்பு ஒன்றுதான். ஒரு வீட்டுச் சமையலறை தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி. இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால், அவன் தன் சந்தின் எந்த வீட்டைப் பார்த்தும் தெரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால், ஏன் வலது பக்கம் போனான்? புஷைப் சந்தின் மறுமுனையில், மாடியில் கட்டிய ஒற்றை அறையில் வளர்ந்தவன் என்று ரகியா சொன்னது நினைவுக்கு வந்தது. அல்லது, தெரியாதவன்போல நிற்கத் தெரிந்தவனா? இரண்டு கட்சிக்கும் இதில் தீனி இருக்கிறது. காப்பிக் கடையில் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

மூன்று: ஹனியா சொல்லவில்லை. வக்கீல் போய்விடுகிறார். மீன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இது நல்ல முடிவு என்று நினைத்தேன். மௌனமான, கௌரவமான முடிவு. பிறகு சிறையில் இருப்பவனுக்கு இதைப் படித்துக் காட்டுவதாக நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு கௌரவமாகத் தெரியவில்லை.

10

ஆக, புதன்கிழமை.

பிற்பகல். காற்று அடிக்கிறது. ஹனியா மாடியில் இருக்கிறார். இந்த முறை துணி காயப்போடத்தான். சந்து முனையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. வாசலில் பை வைக்கப்படுகிறது. கதவில் ஒரு தட்டு.

வழக்கமாக இதன் பிறகு பூட்ஸ் சத்தம் திரும்பிப் போகும். இன்று போகவில்லை.

ஹனியா கவ்விகளைக் கூடையில் போட்டுவிட்டு, படியில் இறங்குகிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. அவரை இதுவரை கொண்டுவந்துவிட்டேன். படி முற்றத்தில் முடிகிறது. வலது பக்கம் நடை, நடையின் முடிவில் தெருக்கதவு, கதவுக்கு வெளியே ரகியா. இடது பக்கம் சமையலறை. அடுப்பில் கெட்டில் கொதித்துச் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. யாராக இருந்தாலும் முதலில் போய் அடுப்பை அணைக்கத் தோன்றும். அணைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிடவும் தோன்றும்.

ஹனியா முற்றத்தில் நிற்கிறார். வலது பக்கம் பார்க்கிறார். இடது பக்கம் பார்க்கிறார். தன் வீடுதான், முப்பது வருடமாக இருக்கும் வீடு.

நான் எழுதாவிட்டால் அவர் நகரமாட்டார். எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் தாமாக நடந்ததாகத்தான் நீங்கள் படிப்பீர்கள்.

பக்கத்து மாடியில், சுவரோரம், உங்களுக்கு நல்ல இடமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். முற்றம் முழுதாகத் தெரியும். கொஞ்சம் குனிந்து பேசினாலே கீழே கேட்கும்.

அவர் நின்றுகொண்டே இருக்கிறார். உங்களால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடிகிறது, பார்ப்போம்.